கெங்கல் ஹனுமந்தையா: வழக்கு மன்றமும் சட்ட மன்றமும்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் கப்பன் பூங்காவின் மர நிழலில் உலவிவிட்டு, விளக்கேற்றும் வேளைக்கு விதான சௌதாவின் முன்னே வந்து நிற்பது நம் காலனிக் குடும்பங்கள் பலவற்றின் வழக்கம். ஊரிலிருந்து விருந்தினர் வந்துவிட்டால் கேட்கவே வேண்டுவதில்லை. அவ்வாறு ஒரு மாலை நின்றபோது உடன் வந்த சிறுவன் ஒருவன், "இந்த அரண்மனையைக் கட்டிய ராஜா யார், மாமா?" என்று வினவினான். தஞ்சைப் பெரிய கோயிலைக் கண்டு திரும்பிய பிள்ளை. இத்தனை பெரிய கல் மாளிகைக்கு ஓர் இராசராசன் இருந்தே தீரவேண்டும் என்பது அவன் கணக்கு. "ராஜா அல்ல, ஒரு வக்கீல்" என்று விடை கூறினேன். அவன் நம்பவில்லை. அவனுக்காகவும், அவனைப்போல் இந்நகரில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்காகவும் இந்தக் கதையை எழுதலாயிற்று.

விதான சௌதாவுக்கு நேர் எதிரே, வீதியின் மறுபக்கத்தில் செந்நிறக் கட்டடம் ஒன்று நீண்டு கிடப்பதை எல்லோரும் அறிவோம். அட்டாரா கச்சேரி என்பது அதன் பழம்பெயர். அட்டாரா என்றால் பதினெட்டு. மைசூரை ஆங்கிலக் கமிஷனர்கள் ஆண்ட காலத்தில், பதினெட்டு இலாகாக்களுக்கு ஒரே கூரையாக 1868-இல் கட்டி முடிக்கப்பட்டது. இன்று உயர்நீதிமன்றம் வீற்றிருக்கும் அந்தக் கட்டடத்திலேதான், விதான சௌதா எழும் வரையில் அரசுச் செயலகமும் சட்டசபையும் இடம் பெற்றிருந்தன. ஆக, வழக்குரைப்பாரும் சட்டம் இயற்றுவாரும் பழகிய இடம் ஒரு காலத்தில் ஒன்றாகவே இருந்தது. கறுப்பு அங்கியைக் களைந்துவிட்டுச் சட்டசபைக்குள் நுழைவது இந்நகரத்து வக்கீல்களுக்கு நெடும்பயணமாக இருந்ததில்லை.

மைசூரின் முதல் ஐந்து முதன்மந்திரிகளை எண்ணிப் பாருங்கள்: கே. செங்கலராய ரெட்டி, ஹனுமந்தையா, கடிதாள் மஞ்சப்பா, நிஜலிங்கப்பா, பி. டி. ஜத்தி. ஐவரும் சட்டம் பயின்றவர்கள். நிஜலிங்கப்பாவும் ஹனுமந்தையாவும் ஒரே பூனா நகரில், சில ஆண்டுகள் முன்பின்னாகச் சட்டக் கல்வி பெற்றவர்கள். பின்னாளில் இவ்விருவருமே அரசியலில் எதிரெதிர் அணிகளில் நின்றது வேறு கதை.

சபையின் தொடக்கத்தைப் பற்றி ஒரு சொல் கூறிவிட்டு மேலே செல்வோம். நம்மவர் பெருமை கொள்ளத்தக்க செய்தி அதில் உண்டு. 1881-இல் மைசூர் ஆட்சி மீண்டும் உடையார் மன்னர் கைக்கு வந்தபோது திவானாக அமர்ந்தவர் செங்கற்பட்டுச் சீமையைச் சேர்ந்த ரங்காசார்லு. அவ்வாண்டு அக்டோபர் 7-ஆம் நாள், தசராவை ஒட்டி, 144 பேரை மைசூருக்கு அழைத்து அமரச் செய்து, ஆட்சியின் வரவு செலவுகளை அவர்கள்முன் படித்தார். அதுவே பிரஜாப் பிரதிநிதி சபை. சட்டம் இயற்றும் உரிமை அதற்கு இல்லை. குறை சொல்லலாம், கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவே. ஆயினும் அரசன் ஆண்ட நாட்டில் குடிகளைக் கூட்டிக் கணக்கு ஒப்பித்த செயல் சிறிதன்று. தேர்தல் முறை பின்னரே வந்தது. 1907-இல் சட்ட மேலவையும் தோன்றியது.

அந்தச் சபைக்குள் 1940-களில் நுழைந்தவர்தான் நம் கதாநாயகர். மைசூர் சாலையில், பழைய பெயரில் குளோஸ்பேட்டை என வழங்கிய ராமநகரத்தை அடுத்த லக்கப்பனஹள்ளி என்னும் சிற்றூரில், 1908 பிப்ரவரியில், உழவர் குடும்பத்தில் பிறந்தார் ஹனுமந்தையா. மைசூர் மகாராஜா கல்லூரியில் பட்டம் பெற்று, பூனா சென்று சட்டம் பயின்று, 1930-களின் தொடக்கத்தில் பெங்களூரில் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். கெங்கல் என்பது குடும்பப் பெயரன்று. சென்னபட்டணத்திற்கு அருகே ஆஞ்சநேயர் கோயில் கொண்ட தலத்தின் பெயர். அக்கோயிலை அவர் புதுக்கிய பின்னர் அந்தப் பெயரும் அவரோடு ஒட்டிக்கொண்டது.

வக்கீல் தொழிலில் அவர் நீடித்திருந்தால் பெரும் பொருள் ஈட்டியிருப்பாரோ என்னவோ, காலம் அவரை விடவில்லை. 1938 ஏப்ரலில் மத்தூருக்கு அருகே சிவபுரத்தில் மைசூர்க் காங்கிரஸ் தேசியக் கொடியை ஏற்றத் துணிந்தது. அதே மாதம் 25-ஆம் நாள் விதுராசுவத்தத்தில் கூடியிருந்த மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. நாட்டையே உலுக்கிய அந்நாள்களில் காங்கிரஸில் ஈடுபட்ட இளம் வழக்கறிஞர்களுள் அவரும் ஒருவர். சிறை சென்றார், ஒருமுறை அன்று, பலமுறை. பிரஜாப் பிரதிநிதி சபையில் காங்கிரஸ் அணியை நடத்தும் பொறுப்பும் அவரை வந்தடைந்தது. சட்டத்தை வைத்துப் பிழைக்க வந்தவர் சட்டத்தை மீறிச் சிறை புகுவதும், வெளியே வந்து சட்டசபையில் அமர்ந்து அதே அரசைக் கேள்வி கேட்பதும் அக்காலத்து விந்தைகள். இக்காலத்து இளைஞர்க்கு இவை புராணம்போல் தோன்றக்கூடும்.

1947 ஆகஸ்டில் இந்தியா விடுதலை பெற்றும் மைசூரில் பொறுப்பாட்சி வரவில்லை. "மைசூர் சலோ" கிளர்ச்சி மூண்டு, அக்டோபரில் செங்கலராய ரெட்டியின் மந்திரிசபை அமைந்தது. அவ்வாண்டிலேயே மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. அது நமக்கு நேரே உரியது. அதுவரை அல்சூர், சிவாஜிநகர் முதலான பகுதிகள் அடங்கிய தண்டுப்பகுதி மைசூர் மன்னர் ஆட்சியில் இல்லை. ஆங்கில ரெசிடெண்டின் நிர்வாகத்தில் இருந்தது. நம் முன்னோர் பெரும்பாலோர் குடியேறிய இடம் அதுவே. 1947-இல் அது மைசூருக்குத் திரும்பியது. 1949-இல் பேட்டைக்கும் தண்டுக்கும் ஒரே மாநகராட்சி ஏற்பட்டது. செங்கற்பட்டார் ஒருவர் தொடங்கிய சபை, தண்டுத் தமிழர்க்குத் தம் சபையானது அதற்குப் பின்னர்தான்.

ஹனுமந்தையா இதற்கிடையில் தில்லியில் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினராக அமர்ந்திருந்தார். 1949 நவம்பரில், சட்ட வரைவு முடிவுற்று எல்லோரும் பாராட்டுரை வழங்கிக்கொண்டிருந்த வேளையில், இவர் எழுந்து ஒரு குறை சொன்னார். நாம் விரும்பியது வீணையின், சித்தாரின் இசை. நமக்குக் கிடைத்திருப்பதோ ஆங்கிலப் பேண்டு வாத்தியம் என்பது அவர் பேச்சின் சாரம். அதற்காகச் சட்டம் வரைந்தோர்மீது அவர் சினம் கொள்ளவில்லை. அவர்கள் பெற்ற கல்வி அத்தகையது என்றார். அவரும் அதே கல்வியைப் பெற்றவர்தாமே! ஆங்கிலச் சட்ட நூல்களைக் கற்று, ஆங்கில முறை நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வாதாடிய ஒருவர் இவ்வாறு சொன்னதில்தான் சுவை இருக்கிறது.

1952-இல் வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை தந்த முதற் பொதுத்தேர்தல். மைசூர் சட்டசபையின் 99 இடங்களுள் காங்கிரஸ் 74 இடங்களைப் பெற்றது. மார்ச் 30-ஆம் நாள் ஹனுமந்தையா முதன்மந்திரியானார். வயது 44.

விதான சௌதாவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது அதற்கு முன்பே, 1951 ஜூலை 13-ஆம் நாள், நேருவின் கையால். ஆயின் அன்று எண்ணியது எளிய அலுவலகக் கட்டடம் ஒன்றே. ருஷ்யாவிலிருந்து வந்த கலைக்குழுவினர் பெங்களூரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஐரோப்பியக் கட்டடமாக இருக்கின்றனவே, உங்களுக்கென ஒரு சிற்ப முறை இல்லையா?" என்று கேட்டனராம், அந்தச் சொல் முதன்மந்திரியைத் தைத்ததாம். இவ்வாறு ஒரு செய்தி வழங்கி வருகிறது. தைத்ததோ இல்லையோ, வீணை வேண்டும் என்று தில்லியில் கேட்டவர் பெங்களூரில் பேண்டு வாத்தியக் கட்டடத்தை எழுப்பியிருக்க முடியாது. பழைய வரைபடம் மாற்றப்பட்டது. பி. ஆர். மாணிக்கம் என்ற தலைமைப் பொறியாளர் புதிய வடிவைச் சமைத்தார். (பெயரைக் கேட்டதும் நம் செவி குளிர்கிறதல்லவா!) 700 அடி நீளமும் 350 அடி அகலமும் கொண்ட நாற்கர அமைப்பு, கிழக்கு முகப்பில் 40 அடி உயரமுள்ள பன்னிரு கருங்கல் தூண்கள், நடுவே 60 அடி விட்டமுள்ள விமானம், அதன் உச்சியில் அசோகச் சிங்கங்கள். மல்லசந்திரம், ஹெசரகட்டா பகுதிகளிலிருந்து கல் வெட்டிக் கொணர்ந்தனர். கல் தச்சரும் மரத் தச்சருமாக ஏறத்தாழ 1,500 பேரும், அவர்க்குத் துணையாக 5,000 உழைப்பாளரும் பணியாற்றினர் என்பர். அந்த ஐயாயிரவருள் பெரும்பாலோர் சிறைக் கைதிகள். பணி முடிந்ததும் விடுதலை பெற்றனராம். கைதிகளை மீட்க வாதாடுவது வக்கீலின் தொழில். இந்த வக்கீல் கல் சுமக்கச் செய்து மீட்டார்!

1956-இல் கட்டடம் முடிவுற்றபோது செலவு 1 கோடியே 75 இலட்சம் ரூபாய்க்குச் சற்று மேல். அக்காலத்து மைசூருக்கு அது மலைபோன்ற தொகை. பள்ளியும் சாலையும் குடிநீரும் கேட்டு நிற்கும் நாட்டில் இத்தனை ஆடம்பரம் தேவையா என்ற கேள்வி அவையிலும் பத்திரிகையிலும் எழுந்தது. பின்வந்த ஆட்சியில் விசாரணையும் நடந்தது. அந்தக் கேள்வியைப் பொறாமையின் விளைவு என்று ஒதுக்குவது முறையன்று; நியாயமான கேள்விதான். ஹனுமந்தையா அதற்கு அஞ்சவில்லை. பிறருக்காக வாதாடிய நாவால் தம் கட்டடத்திற்குத் தாமே வக்கீலாக நின்றார். பிடிவாதம் மிக்கவர், பிறர் சொற்கேளாதவர் என்று அவரைக் குறை கூறியோர் தம் கட்சியிலேயே பலர். அந்தப் பிடிவாதம் இல்லாதிருந்தால், ஞாயிறு மாலைகளில் நாம் வேறு எங்கேயோ நின்றிருப்போம். முகப்பில் பொறித்துள்ள சொற்களை நம் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள்: "சர்க்காரத கெலச தேவர கெலச". அரசுப் பணி ஆண்டவன் பணி என்பது பொருள். இதை உள்ளே பணிபுரிவோர் எத்தனை பேர் நாள்தோறும் நிமிர்ந்து பார்க்கின்றனரோ, அறியேன்.

கட்டடத்தைக் கண்டு கட்டியவரைப் புகழ்வது எளிது. ஆனால் இவரை நாம் நினைக்க வேண்டியதற்குரிய செயல் வேறொன்று. அதைக் கல்லில் காண இயலாது.

கன்னடம் பேசும் மக்கள் அன்று ஒரே ஆட்சியின்கீழ் இல்லை. பெல்காம், பிஜாப்பூர், தார்வார், வட கன்னட மாவட்டங்கள் பம்பாய் இராஜ்யத்தில், குல்பர்கா, ராய்ச்சூர், பீதர் ஐதராபாத்தில், தென் கன்னடமும் கொள்ளேகாலமும் நம் சென்னை இராஜ்யத்தில், குடகு தனியே. ஆந்திரம் பிரிந்தபோது, 1953 அக்டோபர் 1-ஆம் நாள், பெல்லாரியின் ஏழு வட்டங்கள் மைசூருடன் இணைந்தன. அப்போது முதன்மந்திரி ஹனுமந்தையாவே. எஞ்சிய பகுதிகளும் சேர்ந்து ஒரே கன்னட நாடாக வேண்டும் என்ற முழக்கம் வடக்கே ஓங்கி ஒலித்தது.

பழைய மைசூரிலோ அதற்கு எதிர்ப்பே மிகுந்திருந்தது. காரணம் இல்லாமலும் இல்லை. கண்ணம்பாடி அணை, சிவசமுத்திரத்து மின்சாரம், தொழிற்சாலைகள், பள்ளிகள் என்று மைசூர் சீராக வளர்ந்த நாடு. வடபகுதிகளோ பிற இராஜ்யங்களின் ஓரத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்தவை. நம் செல்வத்தை எடுத்து அவர்க்குச் செலவிடுவதா என்று கேட்டனர். வெளிப்படையாகச் சொல்லாத வேறு கணக்கும் இருந்தது. பழைய மைசூரில் ஒக்கலிகரின் தொகையும் செல்வாக்கும் பெரிது. நாடு விரிந்தால் வடக்கே பெருந்தொகையினரான லிங்காயத்தரின் கை ஓங்கும். ஹனுமந்தையா ஒக்கலிகர். அவரைப் பதவியில் தாங்கி நின்ற தூண்களில் அதுவும் ஒன்று. இரண்டு கன்னட இராஜ்யங்களாக வைத்துக்கொள்ளலாமே என்ற யோசனையும் எழுந்தது; அது நடந்திருந்தால் பழைய மைசூரின் முதன்மந்திரி நாற்காலி ஆட்டம் கண்டிராது.

பசல் அலி கமிஷனின் அறிக்கை 1955 செப்டம்பர் இறுதியில் வந்தது. கன்னட நாடு ஒன்றாகவேண்டும் என்று அது பரிந்துரைத்தது. இணைப்பை ஆராய முன்னதாகவே உண்மையறியும் குழு ஒன்றை அமைத்து, இரு பக்கத்துச் சான்றுகளையும் கேட்டுக்கொண்டிருந்த முதன்மந்திரி எப்பக்கம் நிற்பார் என்று பலரும் எதிர்பார்த்திருந்தனர். அவர் இணைப்பின் பக்கம் நின்றார். தம் மாவட்டத்தார், தம் வகுப்பார், தம் கட்சியிலேயே தம்மை ஆதரித்தோர் பலர் எதிரே அமர்ந்திருக்க, அவர்கள் கேட்க விரும்பாத வழக்கை அவர்கள்முன் எடுத்துரைத்தார்.

இங்கே சற்று நிற்போம். நீதிமன்றத்தில் வக்கீலுக்குக் கட்சிக்காரர் யார் என்பதில் ஐயமில்லை. வக்காலத்தில் கையொப்பமிட்டவர் எவரோ அவரே. சட்டசபையில் கட்சிக்காரர் யார்? தமக்கு வாக்களித்த தொகுதியா, தம் வகுப்பா, தம் கட்சியா, தாம் அமர்ந்த நாற்காலியா, அல்லது இன்னும் வாக்களிக்கவே வாராத வடக்கத்து மாவட்டத்துக் குடியானவனா? வக்கீல்கள் பலர் சட்டசபைக்கு வந்தும் இந்தக் கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டவர் சிலரே. ஹனுமந்தையா கேட்டுக்கொண்டார், பீதரிலும் பெல்காமிலும் இருந்தவர்க்கு வக்காலத்து எடுத்தார். அந்த வழக்கில் வென்றால் தமக்கு இழப்பு என்பது அவர் அறியாததன்று.

இழப்பு விரைந்து வந்தது. கட்சிக்குள் எதிர்ப்பு முற்றி, 1956 ஆகஸ்டு 19-ஆம் நாள் அவர் பதவியை விட்டு இறங்கினார். எதிர்ப்புக்கு இணைப்பு ஒன்றே காரணம் என்று சொல்வது மிகையாகும். அவர் போக்கும், கட்டடச் செலவும், தலைவர்களுக்குள் இருந்த போட்டியும் அதில் கலந்திருந்தன. அவருக்குப்பின் கடிதாள் மஞ்சப்பா இரண்டரைத் திங்கள் பதவி வகித்தார். நவம்பர் 1-ஆம் நாள் விரிந்த மைசூர் பிறந்தபோது முதன்மந்திரியாக உறுதிமொழி எடுத்தவர் நிஜலிங்கப்பா. மாளிகையைக் கட்டியவர் அதில் முதன்மந்திரியாக அமர்ந்து ஆள இயலவில்லை. நாட்டின் இணைப்புக்கு வாதாடியவர், இணைந்த நாட்டுக்கு ஒருநாளும் தலைமை தாங்கவில்லை. அடுத்த ஆண்டுத் தேர்தலில் சட்டசபையின் இடங்கள் 208 ஆயின. 1973 நவம்பர் 1 முதல் நாட்டின் பெயரும் கர்நாடகம் ஆயிற்று.

மொழிவழி நாடுகள் அமைந்த அந்நாளில் இங்கிருந்த தமிழர் உள்ளங்களில் எழுந்த கலக்கத்தை முதியோர் அறிவர். கோவை மாவட்டத்தின் கொள்ளேகாலம் மைசூருக்கு வந்தது. ஓசூர் சென்னை இராஜ்யத்திலேயே நின்றது. இருபத்தைந்து மைல் தள்ளி ஓர் எல்லைக்கோடு விழுந்தது. அக்கோட்டுக்கு இப்பால் நாம் சிறுபான்மையர் ஆனோம். 1991 டிசம்பர் நாள்களைக் கண்டவர்க்கு அச்சொல்லின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. ஆதலின், கன்னட நாட்டின் இணைப்பை நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். நான் கொண்டாடச் சொல்லவில்லை, அறிந்துகொள்ளச் சொல்கிறேன். நாம் வாழும் இந்த நாடு வெறும் எண்ணிக்கைக் கணக்கினால் மட்டும் உருவாகவில்லை. தம் கணக்கைத் தாமே அழித்துக்கொண்டவர் ஒருவரும் அதில் பங்கு கொண்டார். தம்மவர் நலனுக்கு அப்பாலும் ஒருவர் வாதாடக்கூடும் என்பதற்கு இந்நகரின் நடுவிலேயே சான்று இருப்பது, சிறுபான்மையர்க்கு மற்றெவரையும்விட வேண்டிய செய்தி.

பின்னைய வாழ்வைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1962, 1967, 1971 ஆகிய மூன்று பொதுத்தேர்தல்களிலும் பெங்களூர் மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். 1966-இல் அமைந்த நிர்வாகச் சீர்திருத்தக் கமிஷனில் உறுப்பினராயிருந்து, மொரார்ஜி தேசாய் துணைப் பிரதமரான பின் அதன் தலைமையை ஏற்றார். ஆட்சியாளர்மீது குடிகள் முறையிட லோக்பால், லோகாயுக்தா என்னும் அமைப்புகள் வேண்டும் என்று முதன்முதல் பரிந்துரைத்தது அக்கமிஷனே. 1970-71-இல் மத்திய சட்ட மந்திரியானார். பூனாவில் பெற்ற பட்டத்துக்குப் பொருந்திய பதவி அது ஒன்றுதான். அதன்பின் ஓராண்டுக்கு மேல் ரயில்வே மந்திரி. குமாரவியாசரின் பாரதம் எளியோரும் வாங்கத்தக்க குறைந்த விலையில் வெளிவர அவர் காட்டிய ஆர்வத்தையும் கன்னட அன்பர்கள் இன்றும் நன்றியுடன் குறிப்பிடுவர். 1980 டிசம்பர் 1-ஆம் நாள் அவர் மறைந்தார்.

செங்கட்டடத்தின் கதையிலும் ஒரு திருப்பம் உண்டு. 1980-களில் அட்டாரா கச்சேரியை இடித்துவிட்டுப் புதிது கட்ட முயன்றபோது, குடிமக்கள் வழக்குத் தொடுத்தனர், கட்டடம் பிழைத்தது. இன்று இரண்டும் எதிரெதிரே நிற்கின்றன. பூமிக்கடியில் மெட்ரோ இரயில் ஓடுகிறது.

அந்தச் சிறுவனுக்கு இவ்வளவையும் ஒரே மாலையில் சொல்லி முடிக்க இயலவில்லை. பஸ்ஸில் வீடு திரும்புகையில் சாந்திநகர் அருகே, "இது எந்த ரோடு?" என்று கேட்டான். நம்மவர் எல்லோரும் சொல்வதுபோல் "டபிள் ரோடு" என்று என் வாயில் வந்துவிட்டது. பெயர்ப்பலகையில் கே. எச். ரோடு என்றிருந்ததை அவன் படித்துக் காட்டினான். அந்த இரண்டு எழுத்தும் யாருடையவை என்று அவனுக்கு அப்போதுதான் சொன்னேன்.